ஈரச் சாக்கு

ஸ்டாப் லிவரை இழுத்துக்
கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது.
தெற்குவாடியில் மீன் இறக்கியும் முடிந்தது.
இன்னாசியின் வல்லம் மட்டும்
இன்னும் நடுக்கடலில் இருப்பதாக
அதிர்ந்துகொண்டிருக்கிறது.

டீசல் குழாயைக் கழற்றினேன்.
ஒரு சொட்டு இல்லை.
சத்தமோ ஏறுகிறது.
புகை நீலம்.
அப்போதுதான் உறைத்தது:
ஆயிலைக் குடிக்கிறது,
தன் வயிற்றிலிருந்தே.

ஆளுக்கொரு யோசனை சொன்னவர்கள்
நண்டுகளாய்ச் சிதறினார்கள்.
ரஞ்சிதம் ஓடவில்லை.
ஐஸ் பெட்டி மேல் கிடந்த சாக்கை
உருவி எறிந்தாள்.
கை வைத்தால் இழுத்துக்கொள்ளும்;
துடுப்புக் கட்டையால்
காற்று வாயில் திணித்தேன்.

மூன்று இருமல்.
பிறகு
பாம்பன் பாலத்தடியில் நீரோட்டம் கேட்டது.

அளவுக்குச்சியை உருவினேன்.
கோட்டுக்கு மேலே நாலு விரற்கடை ஆயில்.
"யார் ஊத்தினது?"
இன்னாசி வானத்தைப் பார்த்தான்.

"சாக்கைக் கொடுங்க," என்றாள் ரஞ்சிதம்,
"நகரை கெட்டுப்போகும்."