பதினேழாம் பத்தி

இரவு பதினொன்றே முக்கால்.
பதினேழாம் பத்தியில் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள்.
பதினாறு வரை எல்லாம் சுமுகம்:
ஒத்துழைப்பு, பரஸ்பரம், வலுப்படுத்துதல்.
ஏழு நாடுகள் ஒரே வாக்கியத்தில்
முழங்கை இடிக்காமல் உட்கார்ந்திருந்தன.

பதினேழில் ஒரு சொல்.
ஒத்துவராத சொல்லைச்
சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பது இங்கே வழக்கம்.
செவ்வாய்க்கிழமை உள்ளே போனது.
விசாரணை இல்லை,
பிணை இல்லை,
சாப்பாட்டு இடைவேளையில் யாரும் அதன் பேரைச் சொல்வதில்லை.

பீச் ரோட்டு ஹோட்டல், ஆறாம் மாடி.
கண்ணாடிக் கூண்டில்
அரை மணி நான், அரை மணி ஃபர்ஸானா.
சொந்த ஊரில் பேச முடியாததைப் பேச
இந்த ஊருக்கு வருகிறார்கள்.
தண்ணீர்ப் பாட்டிலைக்கூட
ஒரே கோட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம்.

எனக்கு வேலை தந்தவர் ஒரே ஓர் ஆள்.
யூட் ரெஜிஸ், மீனவர் சங்கச் செயலாளர்,
ஒதுக்கிய நேரம் பன்னிரண்டு நிமிடம்.
கடன் வாங்கிய கோட்டில் தோள் தொங்கியது.
மைக்கை இரண்டு தரம் தட்டிவிட்டுச் சொன்னார்:
“எங்கட பொடியன் படகில வச்சிருந்தது
ஐஸ் பெட்டி.
ஐஸ் பெட்டி, ஐயா.
ரெண்டு நாட்டு ரோந்தும் சேர்ந்துதான் சுட்டது.
அதில மட்டும் ஒத்துமை.”

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன்
மூன்றாம் இருக்கைக் கர்னல்
காதுக்கருவியைக் கழற்றினார்.
கொஞ்சம் தமிழ் தெரியுமாம்,
இரண்டு வருடம் ஒரு முகாமில் கற்றதாம்.
பொடியன் என்றால் போராளி என்றுதான்
எங்கள் கோப்பில் இருக்கிறது என்றார்,
மிக மரியாதையாக.

அறை திரும்பிக் கூண்டைப் பார்த்தது.

மொழிபெயர்ப்பாளர் விளக்கம் சொல்லக் கூடாது.
ஒப்பந்தத்தின் நான்காம் விதி.
ஆனாலும் சொன்னேன்.
பொடியன் என்றால் சின்னப் பையன்.
கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசில் மிட்டாய் வாங்குபவன்.
ஒரு காலத்தில் துப்பாக்கி எடுத்தவர்களையும்
ஊர் அப்படித்தான் அழைத்தது, உண்மை.
பாசத்திலா பயத்திலா என்று
என்னைக் கேட்காதீர்கள்.
இவர் சொல்வது
அக்கா மகனை. வயது பதினாறு.

ஃபர்ஸானா என் மைக்கை மெல்ல அணைத்தாள்.
காலையில் பாதுகாப்பு வாசலில்
அவள் பையை மட்டும் மூன்று முறை திறந்தவர்கள்
மூன்று முறையும் நன்றி சொன்னார்கள்.
அவளும் நன்றி சொன்னாள்.
எங்கள் தொழிலில்
நன்றிக்கு எல்லா மொழியிலும் ஒரே நிறுத்தம்தான்.

என் விளக்கம் அடிக்குறிப்பு ஐந்து ஆனது.
ஒரு நாடு எதிர்த்தது.
அடிக்குறிப்பு ஐந்தையும்
அடைப்புக்குறிக்குள் போட்டார்கள்.

இரண்டு பத்துக்கு உடன்பாடு.
அந்தச் சொல்லை விடுவிக்கவும் இல்லை, வைத்திருக்கவும் இல்லை.
அதன் இடத்தில் “அத்தகைய நபர்கள்”.
யார் வேண்டுமானாலும் நுழையலாம்,
அவ்வளவு அகலமான சொல்.
கைதட்டினார்கள். யாரோ தேநீர் கேட்டார்.
யூட் ரெஜிஸ் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தார்,
காதுக்கருவி கழுத்தில்,
இரைச்சலே இல்லாத நான்காம் அலைவரிசையில்.

முதல் ரயில்.
பாசிர் ரிஸ் பக்கம் போகும் பெட்டியில் ஏழெட்டுப் பேர்.
நான்கு மொழியில் அறிவிப்பு வந்தது,
தமிழ் கடைசியில்:
சந்தேகத்துக்குரிய பொருளையோ நபரையோ கண்டால்.
உச்சரிப்பில் பிழை இருக்கிறதா என்று
பழக்கத்தில் கவனித்தேன். இல்லை.

எதிர் இருக்கையில் ஓர் இளைஞன்,
சிமெண்ட் படிந்த காலணி,
முழங்கால்களுக்கு நடுவே வெள்ளை ஐஸ் பெட்டி.
பெட்டியைப் பார்த்தேன்.
ஒரு நொடிதான்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

கேட்காமலே
மூடியைத் தூக்கிக் காட்டினான்.
நான்கு பாக்கெட் சோயாபால்.