கட்டைவிரல்

விலைப்பட்டியலில் இரண்டே வரி.
இணையவழி: உங்கள் வசதிப்படி.
நேரடி வகுப்பு: ஐந்து வியாழக்கிழமைகள், மாலை ஆறு மணி,
நீச்சல்குளத்துக்கு மேல்மாடி.
இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றுதான் என்று
அடியில் சின்ன எழுத்தில்.

நான் தாலினில் டிராம் ஓட்டுகிறேன்.
என் வியாழக்கிழமைகள் என்னுடையவை அல்ல,
பணிப்பட்டியல் போடும் மாரெட்டுடையவை.
ஆகவே இணையவழி.

கோப்லியில், கடைசி நிறுத்தத்தில்
ஒன்பது நிமிடம் வண்டி நிற்கும்.
கதவுகளைச் சாத்தி, ஹீட்டரைக் கூட்டி
போனில் படித்தேன் அழுத்தத்தை.
பத்து மீட்டரில் பலூன் பாதியாகும்.
முப்பதில் கால்வாசி.
மூச்சை ஒருபோதும் அடக்காதே.
இதையே மூன்று விதமாகக் கேட்டது கேள்வித்தாள்,
மூன்றுக்கும் சரியாகச் சொன்னேன்,
சொல்லிவிட்டு வண்டியை எடுத்தவள்
பனியில் தண்டவாளம் கடந்த சைக்கிள்காரனைப் பார்த்து
மூச்சை அடக்கினேன்.

பாடம் முடிந்ததும் திரை கேட்கும்: பிடித்திருந்ததா?
கட்டைவிரல் படத்தைத் தொடுவேன்.
நாற்பத்தியொரு பாடம்.
நாற்பத்தியொரு கட்டைவிரல்.

ராய்வோவை முதலில் பார்த்தது ரும்முவில்,
ஜூன் மாதம், குவாரிக் கரையில்,
ரப்பர் உடைக்குள் ஒரு கால் மட்டும் போயிருந்தது.
பள்ளிக்கூடச் சமையல்காரன்.
எழுத்துகள் அவன் கண்ணில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்,
அதனால் ஐந்து வியாழனும் வகுப்புக்குப் போனானாம்.
"ஒரு வியாழன் தூங்கிவிட்டேன்" என்றான்.
எந்தப் பாடம்?
"எப்படித் தெரியும்?
தூங்கினேனே."

பயிற்சியாளர் எப்
எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார்.
அவன் கைகள் என் பட்டைகளை, வால்வை, மானியைத்
தொட்டுத் தொட்டு நகர்ந்தன,
உப்புப் பார்ப்பதுபோல.
நானோ சரிபார்ப்புப் பட்டியலை
வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்,
கை எங்கும் போகவில்லை.

பன்னிரண்டு டிகிரி.
கீழே பழைய சிறைச்சாலை.
குவாரி நிரம்பியபோது யாரும் கூட்டிப்போகாத சுவர்,
சுவரில் ஒரு ஜன்னல்.
அதன் வழியே ஒரு மீன் உள்ளே போனது,
வெளியே வந்தது,
மறுபடி உள்ளே போனது.

ஆறு மீட்டரில் ராய்வோ திரும்பி
விரல் வளையம் காட்டினான்: நலமா?
நலம்,
ரொம்ப நலம் என்று
கட்டைவிரலைத் தூக்கினேன்.

தண்ணீருக்குள் அதற்கு ஒரே பொருள்.
மேலே போவோம்.
காட்டினால் ஏன் என்று கேட்கக்கூடாது.
எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் பாடம், முழு மதிப்பெண்.

அவன் கேட்கவில்லை.
என் தோள்பட்டையைப் பற்றி,
என் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல்,
எங்கள் குமிழிகளைவிட மெதுவாக
மேலே கொண்டுவந்தான்.
வழியெல்லாம் இல்லை இல்லை என்று தலையாட்டினேன்.
நடுங்குகிறாள் என்று
இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

வெளியே வெயில். "என்ன ஆச்சு?"
"ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறேன் என்றேன்."
சிரித்துச் சிரித்து
குவாரித் தண்ணீர் ஒரு வாய் குடித்தான்.
"நான் தூங்கியது
இந்த வியாழன் இல்லை."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
சரி.
கறி வைக்கத் தெரிந்தவனும் ஒரு வியாழன் தூங்கியிருக்கிறான்.

மாரெட் தன் மகனுக்காகக் கேட்டாள், எதில் சேர்ப்பது?
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்,
ஒன்பது நிமிடம் முடிந்திருந்தது.
இப்போதெல்லாம் என் வியாழன்களைக் காலியாக விடுகிறாள்,
தேவைப்படாதபோது.

எந்த வியாழன் என்று இன்னும் தெரியவில்லை.
இறங்கும்போதெல்லாம் ராய்வோவைப் பார்த்தபடியே இறங்குகிறேன்.
மூச்சிலா, காதிலா,
முகமூடிக்குள் நீர் புகும் நேரத்திலா,
எங்கே ஒளிந்திருக்கிறது
அந்த ஒன்றரை மணிநேரம்.

அவன் என் கட்டைவிரலைப்
பார்த்துக்கொண்டிருக்கிறான்.