வாளையார், பாசேஜ் முப்பத்தொன்று

ஏழரை பஸ் வாளையாரில் நிற்கும்போதெல்லாம்
ஜன்னலை இறக்கிவிடுவேன்.
முன்னால் நாற்பது லாரி,
ஒன்றும் இஞ்சினை அணைத்திருக்காது.
கஞ்சிக்கோட்டில் இறங்கி, செருப்பு மாற்றி,
கையில் ஸ்பிரிட் அடித்துக்கொண்டு
நான் செய்வதும் அதுதான்:
ஒரு மூச்சுக்குழாயின் உள்தோலுக்குப்
புகையைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறேன்.

யாருடையது என்று தெரியாது.
குப்பியில் ஓர் எண். ஆண், ஐம்பத்திரண்டு,
புகைக்காதவர்.
அவர் புகைக்காததை எல்லாம்
ஒன்பது மாதமாக அவரைப் புகைக்கவைக்கிறேன்.

முப்பத்தேழு டிகிரி. ரோஸ் நிறத் தீனி.
திங்கள், புதன், வெள்ளி மாற்றவேண்டும்.
ஓணத்துக்கும் லீவில்லை, பொங்கலுக்கும் இல்லை.

பாசேஜ் ஐந்தில்
ஓடு பாவிய தரை மாதிரி ஒட்டிக் கிடந்தன.
ஒன்றின் விளிம்பு அடுத்ததைத் தொட்டால் போதும்,
பெருகுவதை நிறுத்திக்கொள்ளும்.
அந்த மரியாதைக்கும் ஒரு ஜீன் உண்டு.
பன்னிரண்டில் அதன் குரல் தாழ்ந்தது.
குரல் என்கிறேன்; திரையில் அது ஒரு பச்சைக் கோடு,
இருபத்திரண்டாம் சுற்றில் எழவேண்டியது
இருபத்தொன்பதில் எழுந்தது.

எழுத்து ஒன்றும் மாறவில்லை. அதே வரிதான்.
வாசிக்க முடியாதபடி
பக்கத்தின் மேல் யாரோ பசை தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
யாரோ என்ன, நான்தான்.

இருபத்துமூன்றில் காவல் நிற்கும் ஜீனைத் தேடினேன்.
நாற்பது சுற்றும் தட்டை.
மூன்றுமுறை திரும்பச் செய்தோம்.
ஷைனி சேச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"ப்ரைமர் கேடாயோ?"
கேடாகவில்லை.

அன்று மாலை பஸ் வாளையாரில் நிற்கவில்லை.
வரிச்சாவடியை எடுத்துவிட்டார்களாம்.
தடுப்புக்கட்டை புல்லில் கிடந்தது,
சிவப்பு வெள்ளைப் பூச்சு இன்னும் போகாமல்.
பஸ் முழுக்கச் சந்தோஷம்,
கண்டக்டருக்கு இருபது நிமிஷம் மிச்சம்.
நான் எண்ணிக்கொண்டே வந்தேன்:
ஒரு லாரி, இரண்டு, நான்கு, எட்டு.

முப்பத்தொன்றில் மென்கூழில் மிதக்கவிட்டோம்.
பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடம்.
நல்ல செல் அதில் செத்துப்போகும்.
சாகத் தெரிவதுதான் அதன் நல்ல குணம்.
இவை மூன்றாம் வாரம்
லென்ஸுக்கடியில் ரவை ரவையாய்த் திரண்டிருந்தன.

ஆய்வு ஜெயித்தது. சேச்சி பழம்பொரி வாங்கி வந்தாள்.
யார் பெயர் முதலில் என்று எண்ணெய் விரலோடு பேசிக்கொண்டோம்.
"எந்த நாளில் மாறியது?" என்று மட்டும் கேட்டார் தலைவர்.
நோட்டைப் புரட்டினேன்.
எல்லா நாளிலும், என் கையெழுத்தில்,
தீனி மாற்றப்பட்டது. செல்கள் நலம்.