முதுகுக்குப் பின்னால் ஆட்டம்

டிராமிலிருந்து இறங்கும்போதே
தொப்பி தலையில் இருக்கட்டும், பையில் அல்ல.
மெல்பர்ன் ஜனவரிக்குப் பொறுமை கிடையாது.
நான் பார்த்த முதல் மயக்கம்
சோதனை வாசலிலேயே சரிந்து விழுந்தது,
கைப்பேசியில் இன்னும் காட்டாத டிக்கெட்டோடு.

என் பெயர் டெஸ்பினா.
பதினான்காம் களத்தின் வடக்கு வழி என்னுடையது.
ஒரு கயிறு, ஒரு கொக்கி, வெளுத்துப்போன நீலச் சட்டை.
பதினொரு கோடையாய் இங்கேதான் நிற்கிறேன்,
களத்துக்கு முதுகும் உங்களுக்கு முகமும் காட்டி.
அதனால் ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
பார்ப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

பெரிய அரங்கில் இடம் கிடைக்கவில்லையென்று
மூஞ்சியைத் தொங்கப்போட வேண்டாம்.
அங்கே மேல்வரிசையிலிருந்து பார்த்தால்
உலகின் முதல் வீரரும் கட்டைவிரல் உயரம்.
இங்கே காலணி கிறீச்சிடுவது கேட்கும்.
தன்னைத்தானே அவர் திட்டிக்கொள்வது
எந்த மொழியில் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

மேற்குப் படிகளில் உட்காருங்கள்.
மூன்றரைக்குமேல் மரநிழல்
மேல்படியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வரும்,
பணம் கொடுக்காமல் நுழைந்தவனைப்போலத் தயங்கித் தயங்கி.
அதுவரை அலுமினியப் பலகையில்
துண்டை நனைத்துப் போடாமல் உட்கார்ந்தால்
எழுந்திருக்கும்போது என்னைத் திட்டுவீர்கள்.
தண்ணீர்ப் புட்டியை நிரப்ப
மணியடித்ததும் எல்லோரும் ஓடுவார்கள்.
நீங்கள் முன்பே ஓடுங்கள்.

பந்து கையைவிட்டு மேலெழும் அந்த நொடியில்
இருமல் வந்தால் விழுங்குங்கள்.
இரட்டைத் தவறுக்குக் கைதட்டாதீர்கள்,
அது இழவு வீட்டில் விசிலடிப்பது.
மடியில் பந்து விழுந்தால் திருப்பிப் போடுங்கள்.
ஒரு பெரியவர், நல்ல கோட்டு, நல்ல கண்ணாடி,
அதைக் கால்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு
புடைப்போடு வெளியே நடந்ததை
இந்தக் கண்ணாலேயே பார்த்தேன்.

சட்டம் வருடத்துக்கு வருடம் மாறும்.
என் வழியில் ஒன்றுதான்:
ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போதுதான் கொக்கி கழலும்.
கெஞ்சினாலும் இல்லை, குழந்தை அழுதாலும் இல்லை.

அப்படித்தான் அன்று யாட்ரங்கா மாட்டிக்கொண்டாள்.
ஃபுட்ஸ்கிரேயில் இரவுப் பணி முடித்துத்
தூங்காமல் வந்த செவிலி.
கடைசி செட், நான்குக்கு நான்கு.
ராத்திரியிலிருந்து வயிறு காலி என்று
உருளைக்கிழங்கு வறுவல் வாங்க ஓடினாள்.
திரும்பி வந்தபோது கயிறு மாட்டியிருந்தது.
அந்த ஒரு கேம் பதினான்கு நிமிடம் நீண்டது.

அவளுக்கு முன்னால் சுவர்.
எனக்குப் பின்னால் ஆட்டம்.
"என்ன நடக்கிறது?" என்றாள்.
"இது வலை," என்றேன், மட்டென்ற ஓசைக்கு.
"இது கோட்டின்மேல்," என்றேன்,
ஆயிரம் பேர் ஒரே மூச்சை உள்ளிழுத்ததற்கு.
"இது?"
தெரியவில்லை என்று தோளைக் குலுக்கினேன்.
பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.
வேலைநேரத்தில் தின்னக் கூடாது.
தின்றேன். வினிகர் உதட்டில் எரிந்தது.

பிறகு கயிற்றை அவிழ்த்தேன். அவள் போகவில்லை.
"இங்கேயே கேட்கிறேன்," என்றாள்.
ஆடிய இருவரின் பெயரும் அவளுக்குத் தெரியாது,
எனக்குப் பெயர்ப் பலகை படிக்கத்தான் தெரியும்.
முடிந்தது. கைதட்டல் எழுந்தது, அடங்கியது,
மறுபடி எழுந்தது, இந்தமுறை நீளமாக.
"ஜெயித்தவருக்கா?" என்றாள்.
இல்லை. முதலாவதுதான் ஜெயித்தவருக்கு.
இந்த நீளமான தட்டல்
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
தனியாக வெளியேறுகிறவருக்கு.

அதனால் கடைசிப் புள்ளி விழுந்ததும்
டிராமைப் பிடிக்க முண்டியடித்து எழாதீர்கள்.
அந்த மனிதர் கதவைத் தாண்டும்வரை உட்காருங்கள்.
டிராம் வரும், எப்படியும் கூட்டமாகத்தான் வரும்.

இன்னொன்று, சொல்ல மறந்தேன்.
எவ்வளவு வெயில் என்றாலும் ஸ்வெட்டர் ஒன்று வேண்டும்.
தெற்கிலிருந்து காற்று திரும்பினால்
பத்தே நிமிடத்தில் பல் கிட்டும்.