மூன்றரை வோல்ட்

ராத்திரி ரெண்டே முக்கால்.
தாழங்குப்பம், முகத்துவாரத்து ஓரம்.
சாவியைத் திருப்பியதும்
மோட்டார் எழுந்திருக்கவில்லை,
புரண்டு படுத்தது.

ங்ங்… ங்ங்… ங்ங்…
கரண்ட் கம்மியான சாயங்காலத்தில்
பாதி மாவோடு திணறுமே
எங்கள் வீட்டு கிரைண்டர், அந்தக் குரல்.
சுற்றுகிறது.
பற்றுகிற அளவுக்குச் சுற்றவில்லை.

தேசப்பன் சொன்னான், பேட்டரி.
வலைமேல் சாய்ந்திருந்த குணாளனும், பேட்டரி.
பக்கத்துப் படகிலிருந்து, யாரும் கேட்காமலே,
"பேட்டரிதாம்பா. இதுக்கு இன்னா ஆராய்ச்சி?"

பேட்டரிக்கு வயது பதினொரு நாள்.
ஏலம் போடுகிற ரூபாவதியிடம் கடன் சொல்லி
தேரடியில் வாங்கியது.
விற்றவனை அதற்குள்
மூன்று தலைமுறைக்கு வைது முடித்திருந்தேன்.

பிறகுதான் மீட்டரை எடுத்தேன்.
அனல்மின் நிலையத்தில் எட்டு வருஷம்
ஒப்பந்தக் கூலியாய் இருந்ததில்
மிஞ்சியது இந்த மஞ்சள் மீட்டரும்
கொஞ்சம் இருமலும்.

சும்மா இருக்கையில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
சும்மா இருக்கையில் எல்லோரும் பலசாலி.
"இப்ப திருப்பு."
பதினொன்று புள்ளி எட்டு.
பாரம் ஏறியும் தாங்குகிறது.
மன்னியும், பேட்டரிக்காரரே.

பிளக் இரண்டையும் கழற்றி
ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன்.
வழுக்கிக்கொண்டு போனது.
உள்ளே தண்ணீர் இல்லை, பிஸ்டன் பிடிக்கவில்லை.
அதன்மேலும் பழி போட முடியாது.

பிளக்கைப் பூட்டிவிட்டு
ஸ்டார்ட்டரில் குச்சி வைத்தேன்.
"திருப்பு."
எட்டு புள்ளி ஒன்று.

பதினொன்றே முக்காலுக்கு மேல் கிளம்பியது
எட்டாய்ப் போய்ச் சேர்ந்தால்
வழியில் யாரோ கை நீட்டியிருக்கிறான்.

சிவப்பு ஒயரின் இரண்டு முனையிலும் வைத்தேன்.
புள்ளி இரண்டு.
கூடைக்குக் கூடை ஐஸ்தண்ணிக் கழிவு, அவ்வளவுதான்.
கறுப்பு ஒயரில் வைத்தேன்.
மூன்றரை.

"நெகட்டிவ்ல இன்னா கீது?" என்றான் தேசப்பன்.
"அது சும்மா திரும்பி வர்ற வழிதானே?"
மண் மூடிய முகத்துவாரத்துக்கு வெளியே
மீனும் படகுமாய்
ரெண்டு பகல் நின்றவன் கேட்கிறான்.
திரும்ப வழியில்லை என்றால்
கரண்டும் வீட்டைவிட்டுக் கிளம்பாது, மச்சான்.

டார்ச்சை அணைத்தேன். விரலால் தடவிப் போனேன்.
பேட்டரி முனை, குளிர்ச்சி.
நடு ஒயர், குளிர்ச்சி.
எஞ்சினோடு பூட்டிய லக்,
சுட்டது.

கறுப்பு டேப்பைக் கிழித்தேன்.
அடியில் சிவப்பு டேப்.
அதற்கும் அடியில்
ரப்பர் பேண்ட் போட்ட பால்கவர்.
செம்பு இருந்த இடத்தில் பச்சை மாவு.
அத்தனை இழையில்
ஏழோ எட்டோ மிச்சம்.

அந்தப் பால்கவரை எனக்குத் தெரியும்.
போன ஐப்பசி மழையில்
லக்கை அழுத்தித் தர முப்பது ரூபாய் கேட்டான் என்று
கோபித்துக்கொண்டு எழுந்து வந்து,
சுத்தியலால் தட்டி, சுற்றிக் கட்டி,
"தாங்கும்" என்றவன்
நான்.

யாரும் பேசவில்லை.
தூரத்துப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கை
மூன்று பேரும் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.
யார் கட்டியது என்று குணாளன் கேட்கவில்லை.
அவனும்தான் அன்றைக்கு டார்ச் பிடித்தான்.

வெட்டினேன். பச்சை போய்க் கறுப்பு,
கறுப்பும் போய், நான்கு விரல் உள்ளே,
செம்பு செம்பாகவே இருந்தது.
கத்தியால் சுரண்டி, இழைகளை விரித்து,
இரண்டு வாஷருக்கு நடுவே நசுக்கி முடுக்கினேன்.
லக் நாளைக்கு. முப்பதோ ஐம்பதோ, நாளைக்கு.

கை தானாக டேப்புக்குப் போனது.
வாயில் அந்தச் சொல் வந்து நின்றது.
இரண்டையும் நிறுத்தினேன்.
வெறுமனே கிடக்கட்டும். கண்ணில் படட்டும்.

திருப்பினான்.
ங்ங் இல்லை. ஒரே உறுமல்.
தண்ணீர் பின்பக்கம் வெள்ளையாய்க் கிழிந்தது.

பக்கத்துப் படகில் பீடி நுனி ஒன்று
எங்கள் பக்கம் திரும்பிற்று.
"பாத்தியா? அப்பவே சொன்னேன், பேட்டரின்னு."

"ஆமாண்ணே" என்றேன்.
மீட்டரைப் பழைய பனியனில் சுற்றினேன்.