ரஸா நிறுத்தம்

இகோபா ஆற்றங்கரையில்
துணி வெளுக்கும் பெண்களுக்குக் கூலி கேட்டு
பதினோரு நாள் தண்ணீரில் நின்றவள் பெயர்
ரஸானமிஹாஜசோவா.
என் வேன் கண்ணாடியில் சாய்த்த அட்டையோ
முழங்கை நீளம்.
ரஸா என்று எழுதினேன்.

மூன்று பக்கத்துக்கு மனு போனது.
"தலைவியின் பெயரைக் கழுத்தை நெரித்தான் ஒரு நடத்துநர்."
அந்தனனரிவோ நகரசபையில்
ஒருவர் மேசையைத் தட்டி முழங்கினார்.
அவர் வாயிலும் அந்தப் பெயர்
நடுவில் தடுக்கி விழுந்து எழுந்ததாகக் கேள்வி.

சரியென்று முழுதாய் எழுதிப் பார்த்தேன்.
எறும்புச் சாரை.
மூன்று பேர் வண்டி மாறி ஏறி
என்னைத் திட்டினார்கள்.

மனுவின் கடைசியில்
எழுத்துப் பிழை கூடாதென்று
ஆதாரம் ஒன்று இணைத்திருந்தார்கள்:
பழைய சிறைப் பதிவேட்டின் நகல்.
உண்மைதான், ஓரெழுத்துப் பிசகவில்லை.
முத்து முத்தாய் முழுப் பெயர்.
பக்கத்தில் எண்.
கட்டைவிரல் ரேகை.

நேற்று மழை.
ஈரமூட்டையைத் தலையில் வைத்து ஒருத்தி
வேனின் பின்னால் ஓடி வந்தாள்.
"ரஸாவுக்குப் போகுமா?"
கதவைத் திறந்தேன்.
மூட்டைக்குத் தனிக்கட்டணம் உண்டு.
கேட்க வாய் வரவில்லை.