நாலாயிரம் மீட்டரில் ஓர் இறக்கை

கோழிக்கறி வந்த வெள்ளைத் தட்டுகளைக் கழுவிக்
கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன்.
பக்கத்து வீட்டு ஃபிலோமேனா மதில் மேலாகக் கேட்டாள்:
இத்தனை தட்டில் யாருக்கு விருந்து?
காற்றுக்கு, என்றேன்.
எல் ஆல்ட்டோவில் காற்றே பட்டினிதானே, என்று
துணியை உதறினாள்.

தட்டின் நடுப்பாகம் இறக்கை.
விளிம்பின் வளைவு வாலுக்கு.
முதுகெலும்பு, பிப்ரவரி ஆலங்கட்டியில் செத்த குடையின் கம்பி.
மருந்துப் புட்டி மூடிகள் உருண்டன,
மை தீர்ந்த பேனாக்குழல் அச்சில்.
தயிர்க்கோப்பையைச் சாய்த்து வெட்டினால்
விசிறியின் வளைவு தானாகவே கிடைக்கிறது,
யாரோ நமக்காகவே யோசித்துவைத்ததுபோல.
கீரைக்கட்டு ரப்பர் பேண்டுகள், ஒன்பது.

அளவுகள் சாந்த்தா க்ரூஸிலிருந்து வந்தன.
சித்தி மகன் ஒஸ்மான் அங்கே மாமரத்துக்கு மேல் விடுகிறானாம்.
நாற்பது சென்டிமீட்டர், அக்கா, அப்படியே செய்:
குரல்செய்தியில் அவனோடு தவளைகளும் கத்தின.

அப்படியே செய்தோம்.
ஞாயிறு காலை, பந்துத் திடல்.
லிம்பர்ட் நூற்றிருபது முறுக்கு ஏற்றி விட்டான்.
மூன்றடி ஓடி மூக்கைத் தரையில் வைத்தது.
கோல் காத்த பையன் நாகரிகமாக
வேறு பக்கம் பார்த்தான்.

மறுபடி. மறுபடி.
எடை அதிகம் என்றான் என் புருஷன்.
உருளைக்கிழங்குத் தராசில் வைத்தோம்,
முள் அசையக்கூட இல்லை.
ஆனாலும் தக்கை விமானியை இறக்கிவிட்டோம்.
கொடியின் மூன்று வண்ணத்தையும் சுரண்டினோம்.
சக்கரங்களை நான்தான் கழற்றினேன்:
ஏறட்டும் முதலில், இறங்குவதைப் பிறகு பார்க்கலாம்.
மூக்குத்தான், மறுபடியும்.

ஊதாச்சோளக் கஞ்சி விற்றுத் தீர்ந்த பானையோடு
ஒரு மத்தியானம் விமானநிலைய வேலியோரம் நின்றேன்.
பெரியவை ஓடின, ஓடின,
ஓடிக்கொண்டே இருந்தன.
கிலோமீட்டர் கணக்கில் கெஞ்சிய பிறகுதான்
தரை கையை விட்டது.
அட, குற்றம் எங்கள் கையில் இல்லை.
இங்கே ஒரு பிடிக் காற்றில்
காற்று குறைவு.
அகலமாக அள்ள வேண்டும்.

தட்டு தீர்ந்திருந்தது.
சமையலறை ஜன்னலில், உடைந்த கண்ணாடிக்குப் பதில்,
ஒரு தெர்மோகோல் பலகை.
அதை அவன் பார்த்தான். அவனை நான் பார்த்தேன்.
ஜூன், வாளித் தண்ணீர் இரவில் கல்லாகும் மாதம்.
சூடான கம்பியால் அறுத்தோம், அறுபத்தைந்து.
மிச்சப் பலகையைத் திரும்பச் செருகினேன்.

கேபிள் கார் நிலையத்துக்குப் பின்னால், மலைவிளிம்பு.
கீழே லா பாஸ், கிண்ணத்தில் கொட்டிய செங்கல்.
முறுக்கு இருநூறு.
என் விரல் விடுவதற்குள் அது
விரலை விட்டது.
ஒரு சுற்று சுற்றித் தலைக்கு மேல் வந்து
முறுக்குத் தீர்ந்து, விசிறி நின்று,
நிசப்தமாக விளிம்பைத் தாண்டியது.
இறங்கு, இறங்கு என்று கத்தினான்.
எதை வைத்து இறங்கும்?
சக்கரங்கள் என் பாவாடைப் பையில்.

கீழே போகப் போகக் காற்று தடிக்கும்.
தடித்த காற்று தாங்கும்.
விழ விழ விழமுடியாமல்
போய்க்கொண்டிருக்கும் அது,
யார் வீட்டுக் கூரைக்கோ, யார் காயவைத்த சட்டைக்கோ.
ஒஸ்மானுக்குச் சொல்லிவிட்டோம்:
உன் பக்கம் வருகிறது, மாமரத்தைப் பார்த்துக்கொள்.

இரவு, ஜன்னலிலிருந்து
இறக்கை வடிவத்தில் குளிர் வந்தது.
லிம்பர்ட் பழைய ஸ்வெட்டரைச் சுருட்டி அடைக்கப் போனான்.
இரு, என்றேன்,
காகிதத்தை வைத்து முதலில் அளவெடு.